இறங்கியவர்கள் மறுபடியும் ஏறிய ராட்டினம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம், விழுப்புரத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர் வேலை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். தலைக்கனமும் உடம்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தத் திடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரன் எவனும் என்னை மன்னிக்க மாட்டான். ரயில்வே குடியிருப்பு முடிகிற இடத்தில் ஒரு பெரிய பொட்டல். வருஷத்தில் பத்து மாதம் அங்கே மாடு மேயும். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்து, ஜனங்கள் கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்ததும், திண்டிவனத்திலிருந்து இரண்டு லாரி வந்து நிற்கும். அவ்வளவுதான், மறுநாளே பொட்டல் காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு அதன் பெயர் ராட்டினத் திடல்.

நான் அரை டிராயர் போட்டிருந்த காலத்தில் அங்கே வந்தது ஒரே ஒரு மரத் தொட்டில் ராட்டினம்தான். நாலு தொட்டில். திண்டிவனத்துக்காரர் ஒருவர் கையாலேயே சுற்றுவார். அதற்கே நாங்கள் பள்ளிக்கூடத்தை மட்டம் போட்டுவிட்டு ஓடுவோம். இரண்டு வருஷம் கழித்துக் குடை ராட்டினம் வந்தது. அதில் ஆறு மரக்குதிரை. ஒரு குதிரைக்கு ஒரு காது கிடையாது. ஆனாலும் அதில் ஏறத்தான் அடிதடி நடக்கும், ஏனென்றால் அது ஒன்றுதான் சிவப்புக் குதிரை. அப்புறம் ஆளைக் குண்டாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடி அறை வந்தது. அதற்கப்புறம் பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் வந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஷெட்டில் எடுபிடி வேலை பார்க்கிற கலாசி ஒருவன், சைக்கிளைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஏற்றி முன்பல்லை உடைத்துக்கொண்டது தனிக்கதை.

பெரிய ராட்டினம் வந்த வருஷம்தான் உண்மையான திருவிழா. பழைய ராட்டினக்காரருக்கு வயதாகி, அவருடைய மகன் தொழிலை எடுத்துக்கொண்டார். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்றில் கழித்துப் போட்ட ஆயில் இன்ஜினை வாங்கி, இரும்பில் எட்டுப் பெட்டி கட்டி, பெல்ட் போட்டு ஓட வைத்தார். மாடி வீட்டை விட உயரம். முதல்நாள் அது சுற்றியபோது ஊரே அண்ணாந்து நின்றது. இன்ஜின் சூடானதும் வறுத்த மல்லாட்டை வாசனை வரும், அந்த மில் வாசனை அதை விட்டுப் போகவே இல்லை. எங்களுக்குச் சாயங்காலம் ஷெட் சங்கு ஊதினால் போதும். முகத்தில் கரியோடு நேராகத் திடலுக்குத்தான் போவோம்.

அந்த ராட்டினத்தின் மேல் ஷெட்காரர்களுக்கு ஒரு உரிமையே இருந்தது. இன்ஜின் கொஞ்சம் இருமினாலும் போய்த் தட்டிப் பார்ப்போம், யோசனை சொல்வோம். ரயில் இன்ஜினையே கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒரு எண்ணம். அதில் முதல் ஆள் நான்.

ஆனால் அங்கே எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. ஆட்களை ஏற்றுவது ராட்டினக்காரரின் மனைவி. முப்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். எல்லோரும் ராட்டினத்தம்மா என்பார்கள். அவர் இஷ்டத்துக்கு யாரையும் உட்கார விடமாட்டார். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், “நீ இதுல குந்து, நீ அதுல குந்து” என்பார். ஒரு பெட்டியில் ஆள் ஏற்றினால், அடுத்ததில் ஏற்றாமல் பாதி சுற்று சுற்றி, நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து அதில்தான் ஏற்றுவார். இறக்குவதும் அப்படியேதான். புருஷன் பெண்டாட்டியைக்கூடப் பிரித்து உட்கார வைப்பார். ஆளுக்கு ஆள் முணுமுணுப்பார்கள். எதற்கு இந்த வீண் அலட்டல் என்று எனக்கும் எரிச்சலாக வரும்.

அன்றைக்கு மயிலத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். மகளைப் பார்க்க வந்ததாகப் பேர், வந்து இறங்கியதும் கேட்டது ராட்டினத்தைத்தான். ஷெட் முடிந்ததும் முகம் கழுவி, தும்பைப் பூவாக ஒரு வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். மனைவியோடு பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வர வேண்டும் என்பது என் மூன்று மாதத்துக் கனவு. மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“மாப்ள, நீங்க கீழயே இருங்க. நானும் பாப்பாவும் ஒரு சுத்து போயிட்டு வர்றோம்.”

சரி, வேறு பெட்டியில் ஏறலாம் என்று போனால் ராட்டினத்தம்மா கையை நீட்டி மறித்தார்.

“நீங்க அடுத்த ரவுண்டுல வாங்க. ஒங்க கனத்துக்கு எதிர்ல வைக்க இப்ப ஆளு இல்ல.”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். என் ஷெட் சிநேகிதர்கள் நாலைந்து பேர் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மூக்குடைபட்டு, முகம் சுண்டிப்போய், கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ராட்டினம் கிளம்பியது. நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, பட்டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்து பாம்பு மாதிரி எகிறி விழுந்தது. ராட்டினக்காரர் பாய்ந்து பிரேக்குக் கட்டையை அழுத்தினார். அது பனைமரத்தில் செய்த நீளக் கட்டை. அதை அமுக்கினால் ராட்டினத்தின் இரும்பு விளிம்பில் போய் இறுகும். மெதுமெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்து ராட்டினம் நின்றது. எட்டுப் பெட்டியிலும் ஆள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாந்து பார்த்தேன். என் மனைவி ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்து, கை வேறு ஆட்டினார்.

ராட்டினத்தம்மா அந்த நேரம் அங்கே இல்லை. கைக்குழந்தை அழுகிறது என்று கூடாரத்துக்குள் போயிருந்தார். அவருடைய கணவர் கட்டையை விட்டு நகர முடியாது. பெட்டிகளில் இருந்தவர்கள் இறக்கிவிடச் சொல்லிக் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். கீழே நின்றவர்கள் தலைக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

ராட்டினக்காரர் தடுத்தார். “அண்ணே, அவசரப்படாதீங்க. எம் பொண்டாட்டி வரட்டும். எறக்கறது அதுக்குத்தான் தெரியும்.”

“ரயிலு பொட்டியையே பிரிச்சி மேயறவன்பா நானு. நீ கட்டைய புடிச்சிக்கினு நில்லு, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

சிநேகிதர்களைக் கூப்பிட்டேன். அடியில் இருந்த பெட்டியைத் திறந்து இரண்டு பேரை இறக்கினோம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் என்று அவர்கள் வரிசையில் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்திருந்தது, புருஷனும் பெண்டாட்டியும். அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டே இறங்கி, தரையைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் விளிம்பைக் கையால் தள்ளி அடுத்த பெட்டியைக் கீழே கொண்டுவந்தோம். அதிலும் இரண்டு பேரை இறக்கினோம். அதற்கும் அடுத்தது. அதிலும் இரண்டு பேர். சரக்கு வண்டியில் வேகனை வரிசையாகக் காலி செய்கிற மாதிரி வேலை மளமளவென்று நடந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத்தான் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டி மூன்றைக் காலி செய்தாயிற்று. ஒரு பக்கம் மொத்தமும் வெறும் பெட்டி, மறு பக்கம் மொத்தமும் ஆள். வேகன் தண்டவாளத்தில் நிற்கிறது, எந்த வரிசையில் காலி செய்தாலும் அது அசையாது. ராட்டினம் நிற்பதே எதிரும் புதிருமாக இருக்கிற கனத்தில்தான். இன்ஜினும் பெல்ட்டும் இல்லாதபோது அதைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

ராட்டினம் தானாகவே நகர்ந்தது.

முதலில் மெல்ல. அப்புறம் ஒரே இழுப்பு. கட்டை விளிம்பில் உராய்ந்து கிறீச்சென்று கத்தியது, புகை கிளம்பியது. மேலேயிருந்து அலறல். ராட்டினக்காரர் கட்டையின் மேல் ஏறிப் படுத்தேவிட்டார். நாங்கள் ஆறு பேர் விளிம்பைப் பிடித்துத் தொங்கினோம். ஒரு பெட்டி தூரத்துக்கு வழுக்கிப்போய் ராட்டினம் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, எங்கள் கைகளில் துடித்துக்கொண்டிருந்தது. என் மனைவியும் மாமியாரும் இருந்த பெட்டி உச்சியில் கிடந்து ஊசலாடியது. “என்னாங்க! என்னாங்க!” என்று அவள் கத்தினாள். மாமியார் இப்போது சிரிக்கவில்லை. நாங்கள் கையை விட்டால் ராட்டினம் தறிகெட்டுச் சுற்றும். அந்த வேகத்தில் பெட்டிக்குள் யார் தங்குவார்கள்? என் கையாலேயே இவர்களைக் கொன்றுவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

ராட்டினத்தம்மா இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தார். ஒரே பார்வைதான். யார் இறக்கியது என்றுகூடக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

“எறங்கனவங்க ஜல்தியா ஏறுங்க! காலிப் பொட்டியில கனம் ஏத்தினாத்தான் நிக்கும்! ஜல்தி!”

இறங்கினவர்கள் ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சாவின் வாயிலிருந்து வந்தவனை மறுபடி அதற்குள்ளேயே போ என்றால் யார் போவார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளிம்பில் தொங்கியபடி நான் அவர்களைப் பார்த்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

அந்தக் கரும்புக்கார அம்மாள்தான் முதலில் நகர்ந்தார். கையிலிருந்த துணி மூட்டையைத் தரையில் வைத்தார். அவருடைய கணவர் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏமே, ஒனக்கு இன்னா பைத்தியமா? இப்பத்தான எறங்கன! கடேசி பஸ்ஸு போயிடும், வாமே!”

“பஸ்ஸு போனா நாளைக்கி வரும். அந்தப் பொண்ணு கத்திக்கினு இருக்கறது காதுல வுழல?”

கால் வெடவெடவென்று நடுங்கியது அவருக்கு. நான் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் பார்த்தேன். நடுங்கிய காலையே தூக்கி வைத்து ஏறினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய கணவர் ஒரு கணம் நின்றார், தலையில் அடித்துக்கொண்டார், “உன்னோட பேஜாரா போச்சு” என்று திட்டிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், மற்ற நாலு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். எட்டாத உயரத்தில் இருந்த பெட்டிகளுக்கு ஏணி வைத்தும், தோளில் தூக்கியும் ஏற்றினார்கள். ஒவ்வொருவராக ஏற ஏற, எங்கள் கைகளில் இருந்த இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசி ஆள் உட்கார்ந்ததும் ராட்டினம் சாதுவாக நின்றது. அதற்குமேல் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதிசயமாக இருந்தது.

அப்புறம் ராட்டினத்தம்மா இறக்கினார். குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, அடியில் ஒரு பெட்டி, பாதி சுற்றி அதற்கு நேர் எதிர்ப் பெட்டி, மறுபடி இப்படி, மறுபடி அப்படி. நாங்கள் அவர் சொன்னபடி தள்ளினோம், நிறுத்தினோம். இரண்டாவதாகவே என் மனைவியின் பெட்டி வந்தது. இறங்கியதும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் தரையில் கால் பட்டதும், “தண்ணி குடுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர்களை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். கால் நகரவில்லை. அந்தக் கரும்புக்காரர்களின் பெட்டி இன்னும் மேலே இருந்தது. முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான், இப்போது கடைசியில் இறங்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

கடைசிப் பெட்டியில்தான் சிக்கல். அதற்கு எதிர்ப் பெட்டி காலியாகிவிட்டால், உச்சியில் அவர்கள் மட்டும் கனமாக நிற்பார்கள். வழக்கமாக அந்தக் கீழ்ப் பெட்டியில் ராட்டினத்தம்மாவோ அவர் கணவரோ உட்கார்ந்து மேலே போவார்களாம், கடைசி ஆளை இறக்கிவிட்டு மெல்ல இறங்குவார்களாம். அன்றைக்கு அவர் கணவர் கட்டையை விட முடியாது. ராட்டினத்தம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏறப் போனார்.

“நான் குந்தறேங்க” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதே பார்வை. “ம்... அவங்க ரெண்டு பேருக்கு நீங்க ஒருத்தரே சரியா இருப்பீங்க. குந்துங்க” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். நண்பர்கள் தள்ளினார்கள். நான் மேலே போகப் போக அவர்கள் பெட்டி கீழே இறங்கியது. பாதி வழியில் இரண்டு பெட்டியும் ஒரே உயரத்துக்கு வந்தன. அந்த அம்மாளை நேருக்கு நேர் பார்த்தேன். கண் இன்னும் மூடியே இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. தரைக்குப் போய்க் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம், இப்போது எதற்கு அவரைப் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

உச்சிக்குப் போனேன். அங்கிருந்து ஜங்ஷன் முழுவதும் தெரிந்தது. தண்டவாளங்கள், புகை, எங்கள் ஷெட் கூரை எல்லாம் ஒரு கைப்பிடிக்குள். கீழே அவர்கள் இறங்கினார்கள். அந்த அம்மாள் இறங்கியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டார், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ரோட்டை நோக்கி ஓடினார்கள். ரோட்டோரம் பஸ் நின்றிருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் திடலைத் தாண்டுவதற்குள் அது கிளம்பிவிட்டது.

“பஸ்ஸ நிறுத்துங்க! டேய், யாராவது பஸ்ஸ நிறுத்துங்கடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ராட்டினம் சரியாமல் இருக்க எல்லோரும் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பயத்தில் கத்துகிறேன் என்று நினைத்து, “பயப்படாதீங்கண்ணே, தோ எறக்கிடறோம்” என்று சமாதானம் சொன்னார்கள். அந்த மனிதர் கையை ஆட்டிக்கொண்டே பஸ் பின்னால் ஓடினார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அந்த அம்மாள் நடு ரோட்டில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு பேரும் மேற்கே நடக்க ஆரம்பித்தார்கள்.

என்னை இறக்க அவர்கள் பட்ட பாடு பெரும் பாடு. பாதியில் ராட்டினம் ஒரு முறை வழுக்கி நின்றது. தரையில் கால் பட்டதும் ராட்டினத்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். யாரும் இல்லை. அங்கே இருந்த சோடாக் கடைக்காரரைக் கேட்டேன். மேற்கே போன ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள் என்றார். எந்த ஊர், யார் வீடு, அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போனபோதெல்லாம் பஸ்ஸில், சந்தையில், கரும்புத் தோட்டங்களில் அந்த முகத்தைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

மறு வாரமே புது பெல்ட் போட்டு ராட்டினம் சுற்றியது. அதற்கப்புறமும் பல வருஷம் வந்தது. அடுத்த சித்திரையில் என் மாமியார் மயிலத்திலிருந்து வந்து மறுபடியும் ஏறினார் என்றால் நம்புவீர்களா? ராட்டினத்தம்மா எனக்கும் ஒரு பெட்டி கொடுத்தார், என் மனைவி பக்கத்தில். எதிரே யாரை உட்கார வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொன்ன இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது அங்கே கிடங்கும் வீடுகளும் வந்துவிட்டன.

திட்டு வாங்காமல் தப்பித்த தவறு அது. அதற்கான தண்டனையை எனக்குப் பதிலாக, பேர்கூடத் தெரியாத ஒரு பெண் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் கழித்தார். இன்றைக்கும் ஒரு கஷ்டத்திலிருந்து பிழைத்து வந்து அப்பாடா என்று மூச்சு விடும்போதெல்லாம், மேலே இன்னும் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்க்காமல் என்னால் வீட்டுக்குத் திரும்ப முடிவதில்லை.